மாரிக்கனி சொல்லாத பதில்

ஊர்வலம் நடந்தது ஆடியிலா ஆவணியிலா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. காற்று இருந்தது, அது நினைவிருக்கிறது. மேற்கே மலையிலிருந்து இறங்கிவந்த காற்று பெண்களின் சேலைத் தலைப்பை அவர்கள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் காற்று ராஜபாளையத்தில் வருடத்துக்கு நாலு மாதம் அடிக்கும். அதை வைத்துத் தேதி சொல்ல முடியாது. வந்தவர்கள் இருநூறு பேர் என்கிறார்கள் சிலர். அறுபதைத் தாண்டாது என்கிறார்கள் சிலர். மாரிக்கனியிடமே கேட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வாள். ஆகவே இதில் எங்கேயாவது நாள் மாறியிருக்கலாம், ஒருத்தி பேசியது இன்னொருத்தி வாயில் வந்திருக்கலாம். நடந்தது என்னவோ இதுதான்.

வெளியூர் ஒன்றில் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கெடுத்துக் கொன்று கண்மாயில் போட்டிருந்தார்கள். செய்தி வந்த மூன்றாம் நாள் தறிப் பெண்கள் சங்கம் கூடியது. கூடியது என்றால், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆயிஷா பீவியின் தையல்கடையில் வெட்டுத்துணிகளைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்தது. ஆயிஷா பீவிதான் தலைவி. ஐம்பது வயது, கனத்த உடம்பு, யாரையும் பாதியில் வெட்டிப் பேசுகிற பழக்கம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து, எழுதி வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஒரே பெண் அந்தத் தெருவில் அவள்தான்.

மாரிக்கனி சங்கத்தில் எந்தப் பொறுப்பிலும் இல்லை. ஆனால் கோஷம் போட அவள் வேண்டும். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறி செட்டில் பதினேழு வருடமாக வேலை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றுகிற அந்த வெள்ளைத் துணிதான். ஒரு ஆள் எட்டுத் தறி பார்க்க வேண்டும். இழைக்கு நடுவே ஓடுகிற நாடாவில் நூல் தீரத் தீர மாற்றிப் போடுவதும் அறுந்த இழையை முடிவதும்தான் வேலை, ஆனால் நிற்க நேரம் இருக்காது. இருபத்துநாலு தறி சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் தறிப் பெண்களுக்கு இரண்டு பழக்கம் உண்டு. வெளியே வந்தாலும் உரக்கத்தான் பேசுவார்கள். உள்ளே சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். எட்டுத் தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். மாமியாரைத் திட்டுவதும் மேஸ்திரியைக் கேலி செய்வதும் அப்படித்தான். மேஸ்திரிக்குப் பத்து வருடமாகியும் அந்தப் பாஷை பிடிபடவில்லை.

கூட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வக்கீல் தங்கபாய் வந்திருந்தாள். கோர்ட்டில் பெண்கள் வழக்கு, பிள்ளைகள் வழக்கு என்று இருபது வருடம் நடந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லோரும் பேசி முடித்து, கொடும்பாவியைத் தூக்கிலிட்டுக் கொண்டுபோவது என்று முடிவானபிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "தூக்குன்னு கேக்க வேண்டாமே. கேசு சீக்கிரம் நடக்கட்டும், சாட்சி சொல்ற பிள்ளைக்குப் பாதுகாப்புக் குடுக்கட்டும், அதக் கேப்போம். இந்த மாதிரி செய்றவன்ல முக்காவாசிப் பேரு சொந்தக்காரன். நாளைக்கு ஒரு பிள்ள வாயத் தொறந்தா ஒரு உசுரு போகும்னு தெரிஞ்சா, எந்தப் பிள்ள வாயத் தொறக்கும்?"

யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வக்கீலம்மா என்று அடங்கியிருந்தார்கள். மாரிக்கனிதான் கேட்டாள், தறி செட்டுக் குரலில்.

"ஒங்களுக்குப் பிள்ள இல்ல. அதான் இம்புட்டு நியாயம் பேசுதிய."

 கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தும் தங்கபாய் கிளம்பிப் போனாள்.

கொடும்பாவி செய்தது மாரிக்கனியின் தம்பி பாண்டிச்செல்வம். அவர்கள் தாய் இறந்தபோது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பன்னிரண்டு. இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள்தான். புருசன் திருப்பூருக்குப் போய்த் திரும்பாமல் ஆனபிறகு இவளையும் இவள் மகள் யோகலட்சுமியையும் பார்த்துக்கொண்டவன் அவன். பேண்டேஜ் துணிப் பண்டல்களைச் சலவைப் பட்டறைக்கு ஏற்றிப்போகிற மினி வேன் வைத்திருந்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூப்பிடுவதும் அந்த வேனில்தான். வைக்கோல் கொண்டுவந்து, தன்னுடைய பழைய காக்கிச் சட்டையை அதற்கு மாட்டி, தறியில் கழித்துப்போட்ட கரைத்துணியை மாரிக்கனி முறுக்கிக் கொடுக்க, சுருக்கும் அவன்தான் போட்டான். மைக் செட் அவன் வேன்மேல்தான் இருந்தது. ஊர்வலத்துக்குப் பின்னால் வேனை நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தான். வேனுக்குள் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு யோகா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது.

தூக்கில் போடு, தூக்கில் போடு என்று மாரிக்கனி முன்னால் கத்த, வேனின் மைக் குழாய்கள் வழியாக அது தெருவெல்லாம் கேட்டது. முடித்து வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தம்பி சுக்குக்காப்பி வாங்கிக்கொடுத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். யோகா சாப்பாட்டைக் குறைத்தாள். சித்திரையில் மாமா கொண்டுவருகிற சப்பட்டை மாம்பழத்தைத் தொட மாட்டேன் என்றாள். வேனில் போக மாட்டேன், நடந்தே போகிறேன் என்று காலையில் அழுதாள். நடந்தால் மூன்று கிலோமீட்டர். மாரிக்கனிக்குக் காலை ஷிப்டு, பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. பிள்ளைக்கு வயசுக் கோளாறு என்று மற்ற தறிப் பெண்களிடம் உதட்டால் சொல்வாள். அவர்களும் உதட்டால் சிரிப்பார்கள். ஏறு என்று வேனில் ஏற்றிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவாள்.

கார்த்திகையில், மழை நசநசவென்று விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், யோகா பெரியவளானாள். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்தாள். தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், சொன்னார்கள். அரை மணி நேரத்தில் பாண்டிச்செல்வம் வேன் நிறையப் பச்சைத் தென்னங்கிடுகும் வேப்பங்குழையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பெண்ணைத் தனியே உட்காரவைக்கிற குச்சைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். வாசலில் ஒரு ஓரமாகக் கம்பு நட்டு, நனைந்துகொண்டே கட்டினான். அவன் மனைவி வெள்ளத்தாய் உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து அடுப்பில் களி கிண்ட ஆரம்பித்தாள். சொந்தக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். மாமன் கட்டுன மாளிகையப் பாருங்கட்டி, ஜன்னல் வைக்க மறந்துட்டானே என்று ஒருத்தி சிரித்தாள்.

யோகா குச்சுக்குள் போக மாட்டேன் என்றாள்.

முதலில் எல்லோரும் வெட்கம் என்று நினைத்தார்கள். பிறகு கெஞ்சினார்கள். அவள் துவைக்கிற கல்லில் போய், மழைக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாரிக்கனியின் பெரியப்பா கருத்தையா, பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், குடைக்குள் நின்றபடி தாய்மாமன் கட்டின குச்சை ஒதுக்குவது இந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை என்றார். மாரிக்கனி போய் அறைந்தாள். அதற்கும் எழவில்லை. இரண்டாவது அறைக்குப் பிறகு, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அந்தப் பச்சை ஓலைக்குள் தள்ளினாள்.

பாண்டிச்செல்வம், "அடிக்காத யக்கா, சின்னப் பிள்ளதான" என்றான்.

ஒன்பது நாள் யோகா அதற்குள் இருந்தாள். களியைக் கொடுத்தால் சாப்பிட்டாள். தட்டைக் கொடுத்தால் வாங்கினாள். யாரிடமும் பேசவில்லை. பத்தாம் நாள் தண்ணீர் ஊற்றி, குச்சைப் பிரித்து எரித்தார்கள். பதினாறாம் நாள் சடங்கு; தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போடுவான் என்று பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள்.

பதினொன்றாம் நாள் மத்தியானம் அவள் தறி செட்டுக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தாள். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஐந்தாம் தறிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். மாரிக்கனி நிமிர்ந்து பார்த்தாள். இருபத்துநாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. யோகா உதட்டை அசைத்தாள். சின்ன வயதிலிருந்தே செட்டுக்கு வந்துபோகிற பிள்ளை, அந்தப் பாஷை அவளுக்கும் தெரியும்.

மாமா என்றாள் முதலில். பிறகு வேன் என்றாள். பிறகு மூன்று வருசமா என்றாள். நடுவில் சொன்னதை மாரிக்கனி படித்தாள். படித்ததை இங்கே எழுதத் தேவையில்லை. கடைசியில் யோகா சொன்னது நீளமாக இருந்தது. அதை இரண்டு தடவை சொன்னாள்.

"ஊர்வலத்தன்னைக்கே சொல்லலாம்னு இருந்தேன். சொன்னா மாமாவ நீங்க தூக்குல போட்ருவியளே."

தறியில் நூல் தீர்ந்து, நாடா வெறுமனே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தறிப் பெண் ஓடிவந்து நிறுத்தினாள். அவளும் பார்த்திருந்தாள். எவ்வளவு படித்தாள் என்று தெரியாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாரிக்கனி மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். தங்கபாய் வீட்டு வாசலில் நின்றபோது, அவள் பழைய பேச்சை எடுப்பாள், எடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். தங்கபாய் எடுக்கவில்லை. பிள்ளைக்கு இட்லி வாங்கிவரச் சொன்னாள். மகளிர் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாஜிஸ்திரேட்டிடமும் கூடவே வந்தாள். மூன்றாம் நாள் பாண்டிச்செல்வத்தை வேனோடு நிறுத்திப் பிடித்தார்கள். அவன் ஓடவில்லை. வண்டிச் சாவியைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்து, லோடு சலவைக்குப் போக வேண்டியது, நனையவிடாதீர்கள் என்றானாம்.

கருத்தையா வந்தார். வீட்டுக்குள் ஏறவில்லை, வாசலிலேயே நின்றார். ஸ்டேஷனுக்குப் போகுமுன் தன்னிடம் சொல்லியிருந்தால் அவன் கையை முறித்துக் கேரளாவுக்கு அனுப்பியிருப்பேன், இருபது வருசம் இந்தப் பக்கம் தலை காட்டியிருக்க மாட்டான் என்றார். இதை மாரிக்கனி தங்கபாயிடம் சொன்னபோது, கேரளாவில் பெண்பிள்ளைகள் இல்லையா என்று மட்டும் கேட்டாள் அவள்.

வெள்ளத்தாய் வந்தது தையில். ஐந்து மாத வயிறு. நிலைப்படியில் உட்கார்ந்தாள், தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை.

"மதினி, நான் அவுகளுக்காகப் பேச வரல. செஞ்சிருந்தா நாசமாப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

"கேளு."

"அன்னைக்குக் கொடும்பாவிக்கு அந்தக் கயித்த நீங்க முறுக்குனிய. நானும் ஒரு நுனியப் பிடிச்சேன். அப்ப நம்ம யாருக்கு முறுக்குனோம்?"

மாரிக்கனி தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க வக்கீலு சொல்லுதாரு, சட்டத்துல தூக்கு இருக்காம். சொந்தக்காரன்னா கூடுதலாம். என் வயித்துல கெடக்குறது அப்பன் மொகம் பாக்குமா, பாக்காதா? அத மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் சட்டமெல்லாம் தெரியுமே."

யோகா உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிற சத்தம் நின்றிருந்ததை மாரிக்கனி கவனித்தாள். தெரியாது என்றாள். வெள்ளத்தாய் நிலையைப் பிடித்து எழுந்து, இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அடுத்து வந்தது சங்கம். ஆயிஷா பீவியும் மூன்று பேரும். அவர்கள் வந்தது ஆறுதலுக்கு மட்டுமல்ல. வழக்கு இழுத்துக்கொண்டு போகும், நாம் சும்மா இருந்தால் ஆம்பளைகள் பேசி முடித்துவிடுவார்கள், ஊர்வலம் வைக்க வேண்டும் என்றார்கள். பிள்ளை பேரோ வீட்டுப் பேரோ வராது. ஆனால் முன்னால் மாரிக்கனி வந்தால்தான் அதற்கு ஒரு மரியாதை. தூக்குதான் கேட்க வேண்டும். ஊரான் பிள்ளைக்குக் கேட்டதை உன் பிள்ளைக்குக் கேட்காமல் விட்டால் நாளைக்கு ஊர் நம் முகத்தில் துப்பும்.

நான் வரவில்லை என்றாள் மாரிக்கனி.

"ஏன் மாரி?"

"வரலக்கா."

ஆயிஷா பீவி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு வக்கீலம்மாவ நீ என்ன கேட்ட? பிள்ள இல்லாததால நியாயம் பேசுதியன்னு கேட்ட. இன்னைக்கு ஒனக்குப் பிள்ள இருக்கு. தம்பியும் இருக்கான். அதுல எது பெருசுன்னு நீ பாத்துக்கிட்டிருக்க."

"அப்படி இல்ல."

"அப்படித்தான். கயிறு ஒண்ணுதான் மாரி. ஆள் மாறுனா அளவு மாறுமா?"

கூட வந்தவர்களில் ஒருத்திக்கு அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். ஆயிஷா பீவியின் கையைத் தொட்டாள். ஆயிஷா பீவி போகும்போது யோகாவின் தலையைத் தடவி, பள்ளிக்கூட யூனிபாரம் தானே தைத்துத் தருவதாகச் சொன்னாள். தைத்தும் தந்தாள்.

ஊர்வலத்தை அவர்கள் வைத்தார்கள். மாரிக்கனி வரவில்லை என்பதாலேயே அது யார் வீட்டுக் காரியம் என்பது தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோனது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள்: காமக்கொடூரனைத் தூக்கில் போடு. கீழே கரியில் வரைந்த சுருக்கு. யோகா அதைத் தினமும் இரண்டு தடவை தாண்டினாள். ஒரு நாள் வந்து, எம்மா, அது மாமாவுக்கா என்று கேட்டாள். படிக்கிற வேலையைப் பாரு என்றாள் மாரிக்கனி.

அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். அவளைக் கேட்டது தங்கபாய் ஒருத்திதான். மாமா எங்க வீட்டுக்கு வரக் கூடாது என்றாள் யோகா. அப்புறம் யோசித்து, வேன் எங்க தெருவுல வரக் கூடாது என்றாள். அவ்வளவுதான். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. தங்கபாய் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். எந்த மனுவிலும் அதைச் சேர்க்க இடமில்லை.

சாட்சி சொல்கிற நாள் புரட்டாசியில் வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஏறிய பஸ்ஸில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம், மஞ்சள் வேட்டியும் துளசி மாலையுமாக. ஒரு பெண் யோகாவுக்கு உட்கார இடம் விட்டு, பிள்ளைக்கு லீவா என்று கேட்டாள். ஆமா என்றாள் மாரிக்கனி. வெயில் ஏறவில்லை. யோகா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள்.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் தங்கபாய் காத்திருந்தாள். யோகாவுக்குப் பாலும் பன்னும் சொல்லிவிட்டு, மாரிக்கனியைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

"ஒண்ணு கேட்டுக்கோ. நான் சர்க்கார் வக்கீல்கிட்டப் பேசிட்டேன். அவிய தூக்குக் கேக்கப் போறதில்ல. இந்த மாதிரிக் கேசுல, உசுருக்குச் சேதமில்லாம இருக்கையில, தூக்குக் குடுக்கவும் மாட்டாக. அது சட்டப் பொஸ்தகத்துல இருக்கு, அம்புட்டுத்தான். புரியுதா?"

மாரிக்கனி தலையாட்டினாள்.

"இருபது வருசம் வரும். அதுக்குக் குறைய ஜட்ஜ் நெனச்சாலும் குடுக்க முடியாது."

"அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல." தங்கபாய் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். "இருந்திருக்கணும். இப்ப இல்ல. அதப் பொறவு பேசலாம். பிள்ள மனசுல தூக்குதான் கெடக்கு. எங்கிட்ட கேக்க மாட்டா, நான் சொன்னாலும் பாடம் சொல்லிக் குடுத்ததா ஆயிரும். ஒங்கிட்டக் கேப்பா. கேட்டா, தூக்குல போட மாட்டாகன்னு சொல்லு. பொய் இல்ல அது. நெசம். ஒன் வாயால கேட்டாத்தான் அவ நம்புவா."

சரிக்கா என்றாள் மாரிக்கனி.

நடைக்கூடத்தில் ஒரு பெஞ்சு. அதில் இருவரும் உட்கார்ந்தார்கள். பதினொரு மணிக்கு ஜெயில் வண்டி வந்தது. பிள்ளைக்கு அவனைக் காட்டக் கூடாது என்று பெண் போலீஸ் வந்து யோகாவைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். அவள் திரும்பிக்கொண்டாள். மாரிக்கனி திரும்பவில்லை. பாண்டிச்செல்வம் பாதியாகியிருந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. மரத்தடியில் வெள்ளத்தாய் கைப்பிள்ளையோடு நின்றாள். போலீஸ் அவளை அவனிடம் நெருங்க விடவில்லை, தூரத்திலிருந்தே பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவன் பிள்ளையைப் பார்த்தான். பிறகு நடையில் அக்காவைப் பார்த்தான்.

"யக்கா, சாப்பிட்டியா?" என்றான்.

அந்தக் குரலில் கள்ளம் எதுவும் இருந்ததாக மாரிக்கனியால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. இவன் கெட்டவனாக முகம் மாறி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வயதில் தாயின் பிணத்தருகே பசிக்குது யக்கா என்று வந்து நின்ற அதே முகம். யோகாவை வேனில் ஏற்றிப்போனதும் அதே முகம்தான். இரண்டும் ஒன்றில் எப்படி இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. போலீஸ் அவனை உள்ளே கொண்டுபோனது.

யோகா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எம்மா."

"ம்."

"நான் உள்ள போயி சொன்னா, மாமாவ தூக்குல போட்ருவாகளா?"

நடையில் தட்டச்சு செய்கிற சத்தம். யாரோ ஒரு பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மாரிக்கனியின் நாக்கில் அந்தச் சொல் இருந்தது. மாட்டாக. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். காலையில் மரத்தடியில் கேட்டது, உண்மையானது, யாருக்கும் குற்றமில்லாதது. மாட்டாக என்று சொன்னால் பிள்ளை உள்ளே போய்ச் சொல்லும். சொன்னால் இருபது வருடம். வெளியே வரும்போது அவனுக்கு ஐம்பது. அதை அவள் கணக்குப் போட்டாளா என்றால், போட்டாள். ஊர் முழுக்கக் கேட்ட தொண்டை அது. பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு சொல் வரவில்லை.

யோகா திரும்பி அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். சத்தம் வராவிட்டாலும் உதடு அசையும் என்று பார்த்தாள் போல. அது அசையவில்லை.

"சரி" என்றாள் யோகா.

கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு சின்ன அறை, திரை போட்டிருந்தது. நீதிபதி அம்மாள் மேஜைக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, என்ன படிக்கிறாய், எந்தப் பாடம் பிடிக்கும் என்று பேசினாள். தாய் கூட இருக்கலாம் என்றதால் மாரிக்கனி பின்னால் உட்கார்ந்திருந்தாள். யோகா நன்றாகத்தான் பதில் சொன்னாள். கணக்குப் பிடிக்கும் என்றாள். அப்புறம் நடந்ததைக் கேட்டபோது, ஒண்ணும் நடக்கல என்றாள். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாயே என்றார்கள்.

"அம்மா சொல்லச் சொன்னா. மாமாவுக்கும் அம்மாவுக்கும் வீட்டு எடத்துல சண்ட. அதான்."

இந்த வார்த்தையை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. யாரும் கொடுக்காமலும் இருக்கலாம். சர்க்கார் வக்கீல் மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் மாற்றவில்லை. நீதிபதி அம்மாள் நிமிர்ந்து மாரிக்கனியைப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் பார்த்தாள். எழுந்து, அப்படி இல்லை, பிள்ளை பயத்தில் சொல்கிறது என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி பேசக் கூடாதுதான். ஆனாலும் ஒரு தாய் கத்தியிருப்பாள். மாரிக்கனி மடியில் கிடந்த மகளின் தண்ணீர்ப் பாட்டிலை மூடித் திறந்து மூடினாள்.

வெளியே தங்கபாய் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு விஷயம் வந்துவிட்டது. யோகாவைக் கை கழுவ அனுப்பிவிட்டுக் கேட்டாள்: "தூக்கப் பத்தி ஒங்கிட்டக் கேட்டாளா?"

"கேக்கலக்கா" என்றாள் மாரிக்கனி.

தங்கபாய் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, கேட்டிருப்பாளே என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. அதற்குமேல் துருவவில்லை. மூன்று பேரும் டீக்கடையில் தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள். யோகா முழுவதும் சாப்பிட்டாள்.

தை முடிவதற்குள் பாண்டிச்செல்வம் விடுதலையானான். இப்போதும் அதே வேன்தான். பேண்டேஜ் பண்டல் ஏற்றுகிறான். மாரிக்கனி இருக்கிற தெருவழியேதான் சலவைப் பட்டறைக்குப் போக வேண்டும், போகிறான். வெள்ளத்தாய் அவனோடு இருக்கிறாள். அவர்களுக்குப் பிறந்தது பெண். மூன்று வயதாகப் போகிறது, அப்பா வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வரும். கருத்தையா போன வருடம் இறந்தார். தாய்மாமனைப் பொய்க் கேசில் உள்ளே வைத்தவள் என்று சொந்தத்தில் யாரும் மாரிக்கனிக்கு இழவு சொல்லவில்லை. சங்கமும் அவளைக் கூப்பிடுவதில்லை. சொத்துக்காக மகளைப் பொய் சொல்லவைத்தவள் ஒருத்தி இருந்தால் நாளைக்கு உண்மையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளையை யாரும் நம்ப மாட்டார்கள் என்று ஆயிஷா பீவி கூட்டத்தில் சொன்னாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாள். தூக்கு கேட்டு அதற்குப் பிறகு இரண்டு ஊர்வலம் நடந்தது. தங்கபாய் அதே கோர்ட்டில் வழக்கு நடத்துகிறாள். சாட்சி மாறிய பிள்ளைகளின் பேரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதில் பெரும்பாலும் சொந்தக்காரன் வழக்கு. யோகா ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கபாய் பார்த்துக்கொடுத்த விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள். லீவுக்கு வீட்டுக்கு வருவதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிக்கனி போவாள். இருவரும் விடுதி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மகளுக்கு அம்மாமேல் கோபம் இல்லை. அன்றைக்குத் தன் கேள்விக்குப் பதில் அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.